நம்பருக்கு இடமில்லாத டெம்ப்ளேட்

எங்கள் கடை வெப்சைட்டுக்கு எடுத்த ரெடிமேட் டெம்ப்ளேட்டில் போன் நம்பர் போட இடமே இல்லை என்று அண்ணனிடம் சொன்னேன். பச்சைப் பொய். இடம் இருந்தது. பக்கத்தின் உச்சியில், வலது ஓரத்தில், கொட்டை எழுத்தில் வரும்படி இருந்தது. 'தொலைபேசி எண்ணை மேலே காட்டு' என்று ஒரு சின்னக் கட்டமும் அதற்குள் ஒரு டிக்கும் இருந்தன. அந்த டிக்கை எடுத்தவள் நான்தான். கண்ணிமைக்கும் நேரத்து வேலை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் நிம்மதியாக ஒரு வாய் டீ குடித்ததில்லை.

எங்களுடையது வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை. முன்னறையில் ஒரு கவுன்ட்டர், ஒரு மேசை, சுருள் வயர் வைத்த பழைய போன். பின்னறை முழுக்க முதுகு திறந்து கிடக்கும் மெஷின்கள். ரிப்பேர் அண்ணன் வேலை. மற்றதெல்லாம் என் தலையில். எந்த வீட்டுக்கு எப்போது போவது, எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது, யாரிடம் சண்டை போடுவது என்று எல்லாம். சண்டை போடுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. அதனால்தான் அண்ணன் என்னை வாயாடி என்று கூப்பிடுவான். நாற்பத்து நான்கு வயதிலும் எனக்கு அதுதான் பெயர்.

அண்ணனுக்குப் பேச்சு திக்கும். திக்குகிற சிலருக்கு முதல் எழுத்தாவது இரண்டு மூன்று தடவை வரும். இவனுக்கு அதுவும் வராது. வாய் திறந்திருக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கும். நேரில் பார்ப்பவர்களுக்குப் புரியும், காத்திருப்பார்கள். சின்ன வயதிலிருந்தே நான்தான் அவனுக்கு வாய். கடைக்குப் போனால் அவன் கையைக் காட்டுவான், நான் கேட்பேன். இரண்டு வகுப்பு கீழே படித்த நான் அவன் வகுப்பு வாசலில் போய் நின்று, "எங்க அண்ணனுக்குப் பதில் தெரியும் டீச்சர், சொல்லத்தான் வரல" என்று மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன், கடை திறந்த முதல் நாளே போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். "போன் என்னுது. நீ எடுக்கக் கூடாது" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு டப்பா ஸ்க்ரூ பிரித்து வைத்துவிட்டேன். வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னான் என்று போகப் போகத் தெரிந்தது. யாராவது கூப்பிட்டு "மெஷின்ல ஏதோ சத்தம் வருதுங்க" என்றால் இவன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வான். "மெஷின ஓட விட்டு போனைப் பக்கத்துல வைங்க." பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பேரிங் போயிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்ப்பில் ஏதாவது சிக்கியிருக்கிறதா, எல்லாம் அந்தச் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை கைக்குழந்தைக்காரி ஒருத்தி அழாத குறையாகக் கூப்பிட்டாள். இவன் அரை நிமிஷம் கேட்டுவிட்டு, "கீழ மூடியத் திறங்க. உள்ள கம்பி மாதிரி ஏதோ இருக்கு" என்றான். திறந்தால் ஹேர்பின். அன்றிலிருந்து எங்கள் நோட்டில் அது ஹேர்பின் வீடு. இதே மாதிரி சாக்ஸ் வீடு, பட்டன் வீடு, பொம்மைக்கால் வீடு எல்லாம் உண்டு. எனக்கோ வயிற்றெரிச்சல். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய வேலையைப் போனிலேயே முடித்துவிட்டு, ஏதோ மெடல் வாங்கினவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

சரி, மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன். வயிற்றெரிச்சல் பாதிதான். மீதி வெட்கம்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய குடியிருப்பு. எழுபது வீடு, எல்லோருக்கும் பொதுவில் எட்டு மெஷின். அதன் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார். அண்ணன் எடுத்தான். வாய் திறந்தான். வரவில்லை. அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "லைன்ல ஆளே இல்லப்பா" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போலப் பின்னறைக்குப் போனான். எனக்குத்தான் முகம் சுட்டது. கடையில் நின்றிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது பரிதாபமாகவா, சும்மாவா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் கூடப் பிறந்தவனை நினைத்து நான் கூனிக் குறுகி நின்றது மட்டும் தெரியும்.

அடுத்த வாரமே வெப்சைட் ஒன்று வைக்கலாம் என்று சொன்னேன். "இப்பல்லாம் வெப்சைட் இல்லாத கடையை யாரும் சீந்தறதில்லண்ணா." அவன் உற்சாகமாகிவிட்டான். திரையில் பார்த்தால் கண் கூசுகிறது என்று ஐந்து டெம்ப்ளேட்டை அச்செடுத்துக் கொண்டு வரச்சொன்னான். ஓடாத ஒரு மெஷினின் பக்கவாட்டில் காந்தம் வைத்து ஐந்தையும் வரிசையாக ஒட்டினான். ஒரு நாள் முழுக்க வேலைக்கு நடுவில் வந்து வந்து பார்த்தான், ஏதோ பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

முதல் டெம்ப்ளேட் பல் டாக்டருக்கானது. திரும்பின பக்கமெல்லாம் பல். இரண்டாவது பேக்கரி. மூன்றாவதில் யாரோ ஒருத்தர் கை கட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன வியாபாரம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. நான்காவது, ரோட்டில் நின்றுபோன வண்டியை இழுத்துப்போகிறவர்களுக்கானது. உச்சியில் மஞ்சள் பட்டை. பட்டை முழுக்கப் போன் நம்பர், ஒவ்வொரு இலக்கமும் கட்டைவிரல் அளவுக்கு. அண்ணன் அதன்மேல் ஸ்பேனரால் தட்டினான்.

"இதான்."

"அய்யே, என்னண்ணா இது? பாத்தா ஆக்சிடென்ட் ஆன மாதிரி இருக்கு."

"நம்பர் தெரியுதுல்ல."

ஐந்தாவது, தோல் டாக்டர் ஒருவருக்காகச் செய்தது. வெள்ளையும் இளநீலமுமாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நடுவில் ஒரு படிவம் இருக்கும். பெயர், முகவரி, என்ன பிரச்சினை என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான், யாரும் யாரோடும் பேச வேண்டாம். எனக்கு அதுதான் வேண்டும். அச்செடுக்கும் முன்பே டிக்கை எடுத்துவிட்டிருந்தேன்.

"இதுல நம்பர் எங்க?" என்றான்.

"இந்த மாடல்ல மேல நம்பருக்கு இடமே இல்லண்ணா."

"அப்ப உள்ள எங்கயாவது இருக்கும்ல?"

"இருக்கும், இருக்கும்."

அவன் மஞ்சள் தாளை ஒரு தடவை பார்த்தான். பிறகு காந்தத்தை எடுத்துவிட்டு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நீ சொன்னா சரி, வாயாடி" என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. நாங்கள் பழுது பார்க்கும் ஒவ்வொரு மெஷின் பக்கவாட்டிலும் கடைப் பெயரும் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். புது ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தபோது வெப்சைட் முகவரியை மட்டும் போடச் சொன்னேன். நம்பர் எங்கே என்று அண்ணன் கேட்டான். எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது என்று பூசி மெழுகினேன். அவனும் போகிற வீட்டிலெல்லாம் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினான். குமிழி விழாமல் துணியால் நீவி நீவி ஒட்டுவான், அந்த விஷயத்தில் ஆள் பெரிய சுத்தக்காரன்.

படிவங்கள் வந்தன. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். 'தண்ணீர் இறங்கவில்லை', 'சத்தம்', 'ஓடுகிறது ஆனால் சுற்றவில்லை' என்று நாள் தவறாமல் வந்தன. குடியிருப்பு மேனேஜரும் படிவத்தில்தான் வந்து சேர்ந்தார், எட்டு மெஷினோடு. நான் என் மொபைலிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டுப் பேசி நேரம் குறித்தேன். பிறகு அவர்கள் என்னையே கூப்பிட்டார்கள். கடைப் போன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடித்தது போய் நாலு தடவையானது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒரு வாரம் முழுக்க ஒன்றுமில்லை.

வேலை குறையவில்லையே, அவனுக்கும் சிரமம் மிச்சம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஏனென்றால் அண்ணன் போனைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். காலையில் வந்ததும் துணியால் துடைப்பான். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைப்பான். ஒருநாள் சுருள் வயரை மாற்றினான். இன்னொரு நாள் லைன் பார்க்கிற ஆளையே வரவழைத்துவிட்டான். அவர் அரைமணி நேரம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்கு சார். யாரும் கூப்பிடலைன்னா அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்று சிரித்தார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்ததை மென்று விழுங்கினேன். ஊருக்கெல்லாம் வக்கணையாகப் பேசுகிற வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

மறுநாள் பகல் பதினோரு மணி இருக்கும். குடியிருப்பு மேனேஜரின் படிவத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைப் போன் அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் ஓடி வருவான் என்று பார்த்தேன், வரவில்லை. பின்னறையில் மெஷின் சத்தமும் இல்லை. நான்கு தடவை அடித்த பிறகு நானே எடுத்தேன்.

"வணக்கம், சொல்லுங்க."

பதில் இல்லை.

"ஹலோ? ஹலோ? யாருங்க?"

மூச்சுச் சத்தம்கூட இல்லை. கையில் ஆயிரம் வேலை. "சே, ஆளே இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

பின்னறைக் கதவில் அண்ணன் நின்றிருந்தான். கையில் அவனுடைய மொபைல். வாய் இன்னும் பாதி திறந்திருந்தது, கழுத்து நரம்பு இன்னும் தணியவில்லை.

லைன் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தானே கூப்பிட்டிருக்கிறான். நாற்பது வருஷமாக அந்த மௌனத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மேனேஜர் மாதிரியே, அதே வார்த்தையைச் சொல்லி, அதே மாதிரி வைத்துவிட்டேன்.

அவன் மெதுவாக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "லைன் நல்லாத்தான் இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் போனையே பார்த்தான். "அப்ப கோளாறு என்கிட்டதான். சனங்களுக்கு அலுத்துப் போச்சு."

அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாமா என்று இருந்தது.

"இல்லண்ணா. யாருக்கும் அலுக்கல. நம்பர் எங்கயுமே இல்ல. நான்தான் எடுத்தேன்."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். டிக், படிவம், ஸ்டிக்கர், மேனேஜர், அன்றைக்கு எனக்கு முகம் சுட்டது, எல்லாவற்றையும். அவனுக்குச் சிரமமாக இருக்குமே என்றுதான் செய்தேன் என்று ஒரு வார்த்தை வாயில் வந்தது. அதை மட்டும் சொல்லவில்லை. அதுவும் பொய்தானே.

அண்ணன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். வரவில்லை. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும், "ஏன்" என்பான். "ஏன்னு கேக்கறியாண்ணா, நான் வந்து" என்று ஆரம்பித்தேன். அவன் கையைத் தூக்கினான். நான் வாயை மூடினேன். சுவரில் கடிகாரம் ஓடியது. வெளியே ஒரு வண்டி வந்து நின்று திரும்பிப் போனது.

"ஸ்டிக்கர்" என்றான் கடைசியில். "நானே ஒட்டினேனே."

ஏன் என்று அவன் கேட்கவே இல்லை. நான் நினைத்தது தப்பு. இப்படி எத்தனை தடவை நான் நினைத்ததை அவன் சொன்னதாகச் சொல்லியிருப்பேனோ, கணக்கே கிடையாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். அவன் சமாதானப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை.

கொஞ்சம் பொறுத்து எழுந்து என் பக்கம் வந்து, "காட்டு" என்றான். அந்தக் கட்டத்தைத் திறந்து காட்டினேன். மவுஸை அவனே வாங்கிக்கொண்டான். கிரீஸ் படிந்த விரலால் ஒரு தட்டு. வெள்ளைப் பக்கத்தின் உச்சியில் எங்கள் நம்பர் வந்து நின்றது.

"மஞ்சளையே போட்டுடலாம்ண்ணா" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வேணாம். இதுவே அழகாத்தான் இருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "நான் பேசறப்ப இனிமே நடுவுல வராத."

"வரமாட்டேன்ணா. சத்தியமா."

நோட்டை எடுத்து எண்ணினோம். அறுபத்திரண்டு வீடுகளில் நம்பர் இல்லாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். மறுநாள் காலை அழியாத மை பேனா ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினான். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் ஹேர்பின் வீடு. குழந்தை வளர்ந்து நடந்துகொண்டிருந்தது. அவள் எங்களைப் பார்த்ததும், "அடடே, வாங்க வாங்க! நீங்க வந்து பாத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனீங்களே, போன மாசம் மறுபடி சத்தம் வந்துச்சுங்க. உங்களக் கூப்பிடலாம்னு பாத்தா நம்பரே இல்ல. வேற யாரையோ வச்சுப் பாத்தோம்" என்றாள். அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, ஸ்டிக்கரைத் துடைத்து, ஒவ்வொரு இலக்கமாக எழுதினான். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, நம்பர் இல்லாம ஸ்டிக்கர் அடிப்பாங்களா யாராவது?" என்று சிரித்தாள்.

நான்தான் அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் நிமிர்ந்துவிட்டான். அவன் வாய் திறந்துவிட்டது. கழுத்து நரம்பு எழும்பியது. சத்தம் வரவில்லை. அந்த இடைவெளியில் புகுந்து நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆயுள் முழுக்க அப்படித்தானே புகுந்து வந்திருக்கிறேன். ஆனால் சத்தியம் செய்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளும் அவசரப்படாமல் நின்றாள்.

"அச்சடிச்ச எடத்துல விட்டுட்டாங்க" என்றான் அண்ணன்.

முழுசாக, நிதானமாக முடித்தான். அதற்குப் பிறகு நான் வாய் திறந்தால் அவனை அவள் முன்னால் பொய்யனாக்குவதாகிவிடும்.

படியிறங்கும்போது அவன் முழங்கையைப் பிடித்தேன். "ஏண்ணா அப்படிச் சொன்ன? நான் பண்ணினதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவன் படியில் நின்றான். பதில் வர நேரமானது. நான் காத்திருந்தேன்.

"உன்னப் போய் வெளி ஆளுங்ககிட்ட விட்டுக்கொடுப்பேனா?"

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான். அந்தப் பையில் நான்காக மடித்த மஞ்சள் தாள் இன்னும் இருந்தது. அடுத்த தெருவில் சாக்ஸ் வீட்டு மணியை அடித்தோம். பெரியவர் கதவைத் திறந்தார், பேனாவைப் பார்த்தார், நம்பர் இல்லாமலா ஸ்டிக்கர் அடிப்பாங்க என்று அவரும் கேட்டார். அண்ணன் வாய் திறந்தான். அவன் சொல்லி முடிக்கும் வரை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இன்னும் அறுபது வீடு இருந்தது.